நாலாம் மாடிக்குக் கீழே ஒரு படி

மாலை ஏழேகாலுக்கு ஏசி தானாக நின்றுவிடும்.
அதன் பிறகுதான் எங்கள் வகுப்பு.
வகுப்பு என்று சொல்லக் கூடாது,
ஆசிரியர் யாரும் இல்லை.
ஃபாயிஸா கீழக்கரை, துவாரகன் வவுனியா,
இருவரும் பயிற்சிக் கட்டடக் கலைஞர்கள்.
நான் வரைவாளன், பாலிடெக்னிக்.
ஷார்ஜாவில் இந்த ஒன்பதாம் தளத்தில்
பதினோரு வருடமாக அடுத்தவர் கோடுகளைத் திருத்துகிறவன்.
உரிமத் தேர்வு எழுத எனக்குத் தகுதி கிடையாது.
அட்டையைப் புரட்டிக் கேள்வி கேட்கத்
தகுதி எதுவும் வேண்டியதில்லை.

"சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை?"
"ஒன்றுக்குப் பன்னிரண்டு."
"தீ பிடித்தால் வெளியேறும் கதவு எந்தப் பக்கம் திறக்கும்?"
"ஓடுகிற திசையில்" என்பாள் ஃபாயிஸா,
வாயில் குப்பூஸோடு, கேள்வி முடியும் முன்பே.
துவாரகன் கண்ணை மூடுவான்.
ஏதோ ஒரு கட்டடத்துக்குள் போய்
அந்தக் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுத்
திரும்பி வந்துதான் பதில் சொல்வான்.
ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம்தான் தம்பி.
சொன்னேன். பலமுறை சொன்னேன்.

வேறென்ன செய்தேன்?
பிளாட்டர் காகித மிச்சத்தில் அட்டைகள் வெட்டிக் கொடுத்தேன்.
வேலை நேரக் கணக்கில் கையெழுத்துப் போடாமல்
நாளை நாளை என்று நாலு மாதம் கடத்திய மேலாளரின்
தேநீர்க் கோப்பைக்கு அடியில்
அந்தத் தாள்களைச் செருகிவிட்டு வந்தேன்.
அன்றே கையெழுத்தாகின,
மேல் தாளில் ஒரு தேநீர் வட்டத்தோடு.
நோன்பு மாதத்தில், ஸஹர் நேரத்தில்,
மூவரும் தொலைபேசியில்.
பின்னால் அவள் கணவர் முட்டை பொரிக்கும் சத்தம்.

கேட்டுக் கேட்டு எனக்கும் ஏறிவிட்டது.
அதுதான் தொந்தரவு.

ரோலாவில், அறைக்கு ஆறு பேர் படுக்கும் என் கட்டடத்தில்
படிக்கட்டுக் கதவைத் திறந்தால் ஒரு பழைய ஃப்ரிட்ஜ்.
யாருடையது என்று யாருக்கும் தெரியாது.
எட்டு வருடமாக உடம்பை ஒருக்களித்துக் கடந்திருக்கிறேன்.
இப்போது கடக்கும்போதெல்லாம்
அட்டை எண் நாற்பத்தாறு நினைவுக்கு வருகிறது.
ஒரு வெள்ளிக்கிழமை அளந்தே விட்டேன்:
மிச்ச வழி ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர்.
நானும் பக்கத்து அறை குல்ஸமானும்
அதைத் தூக்கிக் கீழே இறக்கினோம்.
யாரைக் கேட்டுச் செய்தாய் என்று நாத்தூர் கத்தினார்.
யாரையும் கேட்கவில்லை.

முடிவு வந்தது.
ஃபாயிஸா தேறிவிட்டாள்.
துவாரகன் மூன்று மதிப்பெண்ணில் தவறினான்.
கட்டணம் அவனுடைய இரண்டு மாதக் கட்டில் வாடகை.
மூன்று நாள் சாப்பாட்டு வேளையில் அவன் எழவில்லை.
இனிப்பு வாங்கி வந்திருந்தாள் அவள்.
அதைப் பிரிக்காமல் அலமாரிக்குள் வைத்துவிட்டு
ரப்பர் பேண்ட் போட்ட தன் அட்டைக் கட்டை
அவன் விசைப்பலகை மேல் வைத்தாள்.
"என் கையெழுத்து புரியாட்டி கேளு."

நாலாம் நாள் என்னோடு ரோலாவுக்கு வந்தான்.
லிஃப்ட் ஓடவில்லை.
நாலாம் மாடிக்குக் கீழே தடுக்கி விழுந்தான்.
அங்கே எல்லோரும் விழுவோம்.
முட்டியில் ஒரு தழும்போடுதான்
இந்தக் கட்டடத்தில் குடியேறுவது.
அவன் எழவில்லை. டேப்பைக் கேட்டு வாங்கினான்.
மற்றப் படிகள் பதினேழு.
இது ஒன்று மட்டும் பத்தொன்பதரை.
"ரெண்டரை சென்ரிமீற்றர் அண்ணை.
கண்ணுக்குத் தெரியாது. கால் மட்டும் கண்டுபிடிக்கும்."

அங்கேயே உட்கார்ந்திருந்தான்,
ஒன்றரை நிமிடம் போய், இன்னும் பல ஒன்றரை நிமிடங்கள் போய்.
நான் அவசரப்படுத்தவில்லை.
மேலிருந்து ஈரத்துணி வாளியோடு ஒருவர் இறங்கி வந்தார்,
காதில் யாரிடமோ பேசிக்கொண்டு.
அந்தப் படி வந்ததும்
கீழே பார்க்காமல்
காலைக் கொஞ்சம் கூடுதலாக இறக்கி வைத்தார்.
எங்களைத் தாண்டிப் போனார்.