இடது வளைவு

மூன்றாவது ஃபியூஸ்.
அஸ்தம்பட்டி சிக்னலில் ஒழுங்காகச் சுற்றும் விசிறி
ஏற்காடு ஏறினால் நின்றுவிடும்.
"முப்பதை எடுத்துட்டு நாற்பது ஆம்பியர் போட்டுரலாம்"
என்றவன் கடையில்
டீ மட்டும் குடித்தேன்.

தஸ்தகீர் மோட்டாரைத் தொடவில்லை.
ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு பல்பைக் கோத்து
ஒயரை ஜன்னல்வழி இழுத்து
மடியில் வைத்துக்கொண்டார்.
"மலைக்கு விடுங்க, வெயில் ஏறுமுன்னே."

ஒன்பது வளைவுக்கும் மங்கலாகவே எரிந்தது.
பத்தில், இடது ஒடித்து
முதல் கியர் இழுக்கையில்
அவர் தாடி முழுக்க வெளிச்சம்.

பானெட்டைத் திறந்து எஞ்சினை உலுக்கினார்: பளிச்.
விட்டார்: மங்கல்.
தேய்ந்த மவுண்ட்டிங், சாய்கிற எஞ்சின்,
அது உரசி உரசித் தோலுரித்த ஒயரில்
நகக்கண் அளவு செம்பு.

கருகிய மூன்றும் என் சட்டைப்பையில்.
இத்தனை நாளும்
இவற்றைத்தான் திட்டியிருக்கிறேன்.