எதிர்க்காற்று

பிளேசான்ஸிலிருந்து ரொட்ரிக் தீவுக்கு
ஐந்நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர்.
ஒன்றரை மணி நேரம் என்று சீட்டில் அச்சடித்திருக்கும்.
நம்ப வேண்டாம்.
ஆடியில் தென்கிழக்குக் காற்று முகத்துக்கு நேரே நிற்கும்,
போகும்போது கால் மணி நேரம் அதிகமாகும்.
திரும்புகையில் அதே காற்று
முதுகைப் பிடித்துத் தள்ளும்.
கடல் அதேதான், தூரமும் அதேதான்.

நான் எடைத்தாள் எழுதுகிறவன். பதினாறு வருடமாக.
எத்தனை பேர், எத்தனை பெட்டி, எவ்வளவு எரிபொருள்,
முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு.
மூக்கு கனத்தால் எழாது,
வால் கனத்தால் சொன்னபடி கேட்காது.
அடியில் 'சூப்பையா' என்று கிறுக்காமல்
கேப்டன் கதவைச் சாத்த முடியாது.

ஆட்களை நாங்கள் நிறுப்பதில்லை.
பெரியவர் யாராக இருந்தாலும்
எங்கள் புத்தகத்தில் எண்பத்து நான்கு கிலோ.
ஆக்டோபஸ் வியாபாரி ழெரார் எண்பத்து நான்கு,
அவன் நிழலில் ஒதுங்கி நடக்கும் மனைவியும்
எண்பத்து நான்கு.

நீலாவதி போன செவ்வாய்க்கிழமையும்
அப்படித்தான் போட்டேன்.
அவள் ஐம்பத்தொன்று.
காவடி விரதம் முடிந்த வாரம் நாற்பத்தொன்பது.
மீதி முப்பத்து மூன்று கிலோவை
என் தாளை நம்பி
விமானம் சும்மா சுமந்துகொண்டு போயிற்று.

போர் மாத்யூரினில் பள்ளிக்கூட வேலை,
மூன்று வருட ஒப்பந்தம் என்றாள்.
சரி என்றேன்.
பெட்டியில் எட்டுக் கிலோ கூடுதல், பணம் கட்டியிருந்தாள்.
ஊழியர் குடும்பத்துக்குச் சலுகை உண்டு;
அவளுக்கும் தெரியும்.
அந்த ரசீது என் மேசைக்கு வந்தபோதுதான்
எனக்கு விளங்கியது.

அப்போதும் நேரம் இருந்தது.
பேனாவைத் தொலைத்திருக்கலாம்.
கூட்டலில் சந்தேகம் என்று
இன்னொரு தடவை கூட்டியிருக்கலாம்.
பத்து நிமிடம் பிந்தினால்
ஏன் என்று ஒரு தாள் எழுத வேண்டும், அவ்வளவுதான்.
கூட்டிப் பார்த்தேன்.
சரியாக இருந்தது.
கையெழுத்துப் போட்டேன்.

அன்றைக்குக் காற்று முப்பத்தொரு நாட்.
ஒரு மணி நாற்பத்தேழு நிமிடம் ஆனது.
அட்டவணைப்படி அவள் இறங்கிப் போன பிறகும்
பதினேழு நிமிடம் ஆகாயத்தில் இருந்தாள்.
நான் தேநீர் வாங்கி
குடிக்காமல் வைத்திருந்தேன்.

போன வாரம் மாலை விமானத்தின் சரக்கில்
ஒரு பாட்டில் வந்தது.
எலுமிச்சையும் சின்ன மிளகாயும் போட்ட ஊறுகாய்.
அனுப்பியவர் பெயர் இல்லை.
பெறுபவர் என்ற இடத்தில்
'எடைத்தாள் அறை' என்று
அவளுடைய கரும்பலகைக் கையெழுத்து.
தராசில் வைத்தேன், எழுநூற்று நாற்பது கிராம்.
வந்து சேர்ந்தது ஒரு மணி பதினான்கு நிமிடத்தில்.
மூடி இறுகிக் கிடந்தது,
பெட்டி ஏற்றும் பையனிடம் கொடுத்துத் திறந்தேன்.
ஐந்து மதியமாக ரொட்டியில் தடவித் தின்கிறேன்.
உப்பு தூக்கல்.

வெள்ளிக்கிழமை எனக்கு விடுப்பு.
கணிப்பைப் பார்த்தேன்:
எதிர்க்காற்று, முப்பத்தெட்டு நாட்.
காலை விமானம் நிறையவில்லை.
இன்னும் ஒரு எண்பத்து நான்கு
ஏற்றலாம்.