உலர் எடை

அழுகைச் சத்தம் கேட்டதும்
அறையே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.
கட்டிலில் கிடந்தவளைப் பார்க்க
ஒருவருமில்லை, ஒன்றரை நிமிடம்.

யுகேஸ்வரி கொட்டாவி விட்டாள்.
"மிஸ்ஸி, குளிருது. ஏர்கோன கொறைங்க."
ஏர்கோன் ரிப்பேராகி மூன்று நாள்.
ஜெலுத்தோங் கடற்புழுக்கம்
எங்கள் கழுத்திலெல்லாம் வழிந்துகொண்டிருந்தது.

அடிவயிற்றில் கைவைத்தேன்.
சுருங்கிக் கல்லாய் இறுகியிருக்க வேண்டியது,
விரல் புதைந்தது
தேநீரில் ஊறிய ரொட்டியாய்.

"நானூறு போயிருக்கும்" என்றார் டாக்டர் ஊய்.
கண்ணின் கணக்கு எப்போதும் கஞ்சக் கணக்கு.
முதுகுக்கடியில் தேங்குவதை எண்ணாது,
மெத்தை குடிப்பதை எண்ணாது.
அப்பா ஆயர் ஈத்தாம் பாசாரில் மீன் விற்றவர்.
ஐஸைத் தட்டாமல் நிறுத்தால்
கையிலேயே அடிப்பார்.
தராசை இழுத்தேன்.

எட்டுத் துணி. ஆயிரத்து இருநூற்று அறுபது.
காய்ந்த துணி ஒன்று நாற்பத்தைந்து,
எட்டுக்கு முந்நூற்று அறுபது,
கழி.

தொள்ளாயிரம்!
கத்தித்தான் சொன்னேன்.

நோர்ஹயாத்தி சிவப்புப் பொத்தானை அடித்தாள்.
பிறகு அறை முழுக்கக் கைகள்:
இடக்கையில் ஒரு ஊசி, வலக்கையில் ஒன்று,
மூத்திரப்பையை வடிக்க ஒரு குழாய்,
உள்ளே ஒரு முஷ்டி, வெளியே ஒரு உள்ளங்கை,
இடையில் நசுங்கியபடி
மறந்துபோன ஒரு தசைக்கு
வேலையை நினைவூட்டிக்கொண்டு.
தட்டில் நஞ்சுக்கொடியைப் புரட்டியவள் சொன்னாள்,
ஒரு துண்டு இல்லை.
ஐம்பது காசு அகலம்.

நான் நிறுத்துக்கொண்டேயிருந்தேன்.
ஆயிரத்து இருநூறு.
ஆயிரத்து அறுநூறு.
வெளியே அவள் புருஷன்
தாப்பாவ் கட்டிய குவெய்தியாவோடு
நின்றிருந்தான். ஒருவரும் அவனிடம் பேசவில்லை.

பை வந்தது.
யாரோ ஒரு சனிக்கிழமை
பேரங்காடியில் சட்டைக் கையை மடித்து
மைலோவும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு
கொடுத்துவிட்டுப் போன ரத்தம்.

துண்டு கிடைத்தது.
கடைசித் துணியில் ஊசிமுனையளவு சிவப்பு.
வயிறு கல்.

விடிந்தது. ஃபெர்ரியின் ஊதல்.
சுண்ணாம்பு நிறத்தில் கிடந்தவள்
உதடு பிரித்தாள்:
"எத்தனை எடை, மிஸ்ஸி?"

நாக்கு நுனியில் நின்றது
ஆயிரத்து எழுநூற்றுப் பத்து.

"மூணு கிலோ நூறு" என்றேன்.
"பொண்ணு."

சிரித்துக்கொண்டே தூங்கிப்போனாள்.
நான் விடவில்லை,
கால்மணிக்கொரு தரம் எழுப்பி
வயிற்றை அமுக்கிப் பார்த்தேன்.
திட்டினாள்.
நல்ல சத்தமாகத்தான் திட்டினாள்.