மிதி, பிடி

மூன்று வாரமாக ஹேண்ட் பிரேக்கைத்
தோள்வரை இழுத்துக்கொண்டிருந்தேன்.
நாலு பல்லில் நிற்க வேண்டிய வண்டி
ஒன்பதிலும் நழுவியது.
திராவ்னிக் ஊரில் மேடில்லாத தெரு என்று
ஒன்று இருந்தால் சொல்லுங்கள்.

அதிகாலை மூன்றரை. பேக்கரிக்கு இறங்கும் சரிவு.
பாலத்தருகே மிதித்தால்
பெடல் ஈரத்துணிபோல் அமுங்கிற்று.
பின்னால் யாரோ தகரத்தை
நகத்தால் கீறுகிற சத்தம்.
ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.
அதுவும் ஒரு வைத்தியம்தான், பாலம் வரைக்கும்.

ஞாயிறு. முன்சக்கரங்களுக்குச் செங்கல்.
இடது பின்சக்கரத்தைக் கழற்றினால்
டயரின் உள்முகம் நனைந்திருக்கிறது.
மழை பெய்து ஆறு நாளாயிற்று.
தொட்டு முகர்ந்தேன். பிரேக் ஆயில்.

டிரம் வரமாட்டேன் என்றது.
முப்பது வருடத் தேய்மானம் உள்விளிம்பில் கட்டிய வரப்பு,
அதைத் தாண்ட ஷூவுக்கு மனமில்லை.
போல்ட் துளைக்குள் ஸ்க்ரூடிரைவரை விட்டு
ஆப்பை மேலே நெம்பினேன்.
சுண்டுவிரல் அளவு இரும்பு.
ஷூ தேயத் தேயக் கீழிறங்கி
இடைவெளியை அடைத்துக்கொண்டே இருக்கும்.
இறங்க இனி இடமில்லை என்னும்வரை
யாரிடமும் எதுவும் சொல்லாது.

காகிதக் கனத்தில் லைனிங்.
சிலிண்டரின் ரப்பர் தொப்பியை நிமிண்டினால்
ஒரு சொட்டு. இன்னொன்று.

வலப்பக்கத்தை வேண்டுமென்றே விட்டுவைத்தேன்.
எந்த ஸ்பிரிங் எந்தத் துளைக்கு என்று
எட்டிப் பார்க்க அதுதான் புத்தகம்,
இடவலம் மாற்றி அச்சடித்த புத்தகம்.
இரண்டு முறை தப்பாக மாட்டினேன்.
ஒரு ஸ்பிரிங் பறந்து
பிளம் மரத்தடிக்குப் போயிற்று.

மாலைக்குள் இரு பக்கமும் புதுசு.
ஏர் எடுக்கத்தான் ஆள் வேண்டும்,
மிதிக்க ஒருவர், திறக்க ஒருவர்.

வேலிக்கு அந்தப்புறம் நெஜாத் நின்றிருந்தான்.
என் வாசலை மறித்து வேன் நிறுத்துகிறவன்.
பதினான்கு மாதமாகப் பேச்சில்லை.
கேட்காமலே வந்தான்,
ஷூவைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு
ஸ்டீயரிங் முன் உட்கார்ந்தான்.

"மிதி."
"மிதிச்சாச்சு."
"பிடி."
குழாயில் குமிழிகள், பழுப்பாக.
திருகை இறுக்குகிறேன்.
"விடு."
மறுபடி. மறுபடி.
"ஃபிக்ரெதா, மூடிட்டியா?"
பெயரைச் சொன்னான். "மூடிட்டேன்."

பெடல் கல்லானதும் இறங்கினான்.
காலுறையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது.
காபி வைக்கட்டுமா என்றேன்.
வேலை கிடக்கிறது என்றான்.

மறுநாள் மூன்றரைக்கும் வாசலில் வேன்,
வழக்கத்தைவிட அரையடி தள்ளி.
பக்கக் கண்ணாடியை மடக்கிக்கொண்டு
உரசாமல் வெளியே வந்தேன்.
பாலத்தருகே, தேவையே இல்லாமல்,
ஒருமுறை மிதித்தேன்.