நாற்பத்தெட்டுக் கண்ணி

மெஹருன்னிசா கூத்தாநல்லூரிலிருந்து கொண்டுவந்த தாளில்
விடை முழுசாக இருந்தது.
தோராயம் இல்லை, ஏறக்குறைய இல்லை.
கடைசி வரியில் சமக்குறி,
அதற்கு வலப்பக்கம் ஒரு மேடு,
சிதையாமல் போய்க்கொண்டே இருக்கும்.

எவ்வளவு தூரம் என்றேன்.
முடிவில்லாமல் என்றாள்.
மன்னார்குடியில் எங்கள் ஆய்வக மேசை
ஆறடி.

நாற்பத்தெட்டுச் சுருள், நாற்பத்தெட்டு டயோடு,
பற்றவைக்க ஒன்பது நாள்.
அவள் சமன்பாட்டில் எல்லாக் கண்ணியும் ஒரே அச்சு.
என்னுடையவை ரேடியோ கடையில் பொறுக்கியவை,
கூடவோ குறையவோ ஐந்து சதவீதம்
பொய் சொல்லும் ரகம்.
அவள் கேட்டது ஒரு வளைவு,
டயோடு கொடுத்தது அதற்கு ஒன்றுவிட்ட தம்பி.
அவள் தாமிரத்துக்குத் தடை கிடையாது.
என் தாமிரம் மழையில் நனைந்த ஆள் மாதிரி
போகப்போகத் தளரும்.
இருபத்துமூன்றாம் கண்ணி
ஈரம் ஏறி இரண்டு நாள் மக்கர்.

அனுப்பினோம்.
அலைக்காட்டியின் பச்சைக் கோட்டில்
முன்னால் குட்டை, பின்னால் நெட்டை.
உயரந்தான் வேகம்.
துரத்தியது, எட்டியது,
ஒரு கணம் இரண்டும் ஒரே மேடு.
கூட்டினால் வரவேண்டிய உயரம்கூட அதற்கு இல்லை.
பிறகு பிரிந்தன,
ஒன்றுமே நடக்காத மாதிரி.

நடந்திருக்கிறது, நேரத்தைப் பார் என்றாள்.
நெட்டை வரவேண்டியதற்குச் சற்று முன்பும்
குட்டை சற்றுப் பின்பும் வந்திருந்தன.
சந்தித்ததற்குச் சாட்சி அவ்வளவுதான்.
அவள் தாளில் அது ஒரு மடக்கை,
என் திரையில் அரைக் கட்டத்துக்கும் குறைவு.
இன்னொரு முறை என்பதற்குள்
மின்சாரம் போய்விட்டது.

பாமணியாற்றுப் பாலத்தில் நின்றோம்.
லஸ்கர் பக்கிரிசாமி ஷட்டரைச் சட்டென்று இறக்க,
தடுக்கப்பட்ட தண்ணீர் ஒரு மேடாகத் திரண்டு
வந்த வழியே மேலேறிப் போனது,
ஆகாயத்தாமரையைத் தூக்கி, இறக்கி,
பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கி, இறக்கி.
அவள் உதடு அசையாமல் எண்ணிக்கொண்டிருந்தாள்.
வளைவு வரைக்கும் முப்பத்தொன்பது.
அதற்கப்புறம் கரை சரிந்த இடம்,
எந்தத் தாளிலும் இல்லாத இடம்.

ஆறு பத்து பஸ் போய்விட்டிருந்தது.
நிறுத்தத்துக் குழல்விளக்கில் குறிப்பேட்டை விரித்தேன்.
கணிப்பு முப்பத்தொன்று, அளவு இருபத்தேழு.
‘வேறுபாட்டுக்குக் காரணம்’ என்ற இடத்தில்
ஐப்பசி என்று எழுதினேன்.
அவள் சிரிக்கவில்லை.
பேனாவை வாங்கி
பக்கத்தில் சின்னதாக ஒரு சமக்குறி போட்டாள்,
யோசித்து, அதை
அலையாக வளைத்தாள்.