நிபந்தனை எண் ஏழு

கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில்
கனிமப் பிரிவில் தட்டச்சு செய்கிறவள் நான்.
ஜன்னலைத் திறந்தால் ஆறு.
பெரும்பாலும் திறப்பதில்லை, தாள் பறக்கும்.

கீரிப்பொத்தை என்பார்கள் ஊரில்,
ராதாபுரத்துக்குத் தெற்கே, காற்றாலைகளுக்கு நடுவில்.
என் கோப்பில் அது
புல எண் 412/2பி, தரிசு, பாறை, உபயோகமற்றது.
அடிக்க நான்கு நொடி ஆனது.

கருத்துக் கேட்புக் கூட்டம்
பணகுடி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில்.
முந்தின நாள் வளைகாப்பு, மேடையில்
காகிதப் பூ அப்படியே தொங்கியது.
குவாரிக்காரர் தரப்பில் படம் காட்டினார்கள்.
அதில் பொத்தை பச்சையாக இருந்தது,
வெட்டி முடித்த பிறகும்.
வடையும் டீயும் வந்ததும்
பாதி ஆட்சேபணை எழுந்து வெளியே போனது.

பீடித் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு
தங்கபுஷ்பம் எழுந்தாள்.
"ஆழம் நாப்பத்தஞ்சு மீட்டர்னு போட்டிருக்கிய.
எங்க கெணறு இருவத்திரெண்டு.
தண்ணி எந்தப் பக்கம் பாக்கும்?"

நிலவியல் அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
ரொம்ப நேரம் துடைத்தார்.
நான் அவள் சொன்னதை அப்படியே எடுத்தேன்,
'பாக்கும்' என்பதைக்கூடத் திருத்தாமல்.

நாலு மாதம் கழித்து உரிமம் வந்தது.
குவாரி நிற்கவில்லை.
ஆனால் நிபந்தனை எண் ஏழில்
நாற்பத்தைந்து, இருபது ஆகியிருந்தது.
பதினோரு வருஷ சர்வீஸில்
அந்த ஒரு எண்ணை மட்டும்
அடித்துவிட்டு இரண்டு முறை படித்தேன்.

அவள் வந்து நகல் வாங்கிப் போனாள்.
முப்பத்தெட்டு நிபந்தனை, ஆறு பக்கம்.
ஏழாவது இருக்கும் பக்கத்துக்கு மட்டும் லேமினேஷன் போட்டு
கேஸ் புத்தகத்தோடு வைத்திருக்கிறாளாம்.
தையல்கடை டேப்பை இரவல் வாங்கி
கிணற்றுக் கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சு.
மாதத்தில் ஒரு ஞாயிறு, லாரி ஓடாத நேரம்,
குழியின் விளிம்பில் நின்று
கல்லைக் கட்டி இறக்குவாள்.
காவலுக்கு இருந்த தவசிமுத்து கேட்டிருக்கிறான்:
"என்னக்கா, தூண்டி போடுதியளா?"
"ஆமா. சிக்குனா சொல்லுதேன்."

பங்குனியில் பன்னிரண்டு முடிச்சு.
அடுத்த தையில் பதினெட்டு.

நேற்று மத்தியானம்
பாலித்தீன் பையில் சுருட்டி வந்ததை
என் மேஜைமேல் விரித்தாள்.
இருபதாவது முடிச்சில் சிவப்பு நூல்.
அதற்குக் கீழேயும் ஐந்து.
"கடைசி ரெண்டத் தொட்டுப் பாருங்க.
சித்திரைல ஏது மழ?
இது எங்க கெணத்துத் தண்ணி."

தபால் பிரிவில் எடுக்க மாட்டோம் என்றார்கள்.
கயிற்றுக்கு எப்படி எண் போடுவது,
சீல் எங்கே குத்துவது?

உரிமதாரரிடம் விளக்கம் கேட்டு
வரைவுக் கடிதம் அடித்தேன்.
இதற்கு மேலே எத்தனை மேஜை என்று எனக்குத் தெரியும்.
ஒவ்வொன்றிலும் எத்தனை நாள் என்பதும்.
கீழே வழக்கம்போல,
இணைப்பு: மனு ஒன்று.
கொஞ்சம் யோசித்து அடுத்த வரியில்,
கயிறு ஒன்று, முடிச்சு இருபத்தைந்து,
கடைசி இரண்டும் ஈரம்.