ஜவ்வரிசிக் கணக்கு

முதல் ஜனவரியில்
'தினமும் நாற்பத்தைந்து நிமிடம்' என்று எழுதி
ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.
ஒன்பதாம் தேதி அதன் பின்பக்கத்தில்
மளிகைச் சாமான் எழுதினேன்.

அடுத்த ஜனவரியில் ஷூ வாங்கினேன்,
ஐந்து ரோட்டில், ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு.
அது அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடந்து
அட்டையின் வாசனைக்குப் பழகிக்கொண்டது.

மூன்று மாதச் சர்க்கரை ஒன்பதைத் தாண்டிய மார்கழியில்
டாக்டர் கோமளவல்லி கேட்டார்:
"தினம் என்ன செய்ய முடியும், பொய் சொல்லாம?"
யோசித்தேன்.
"ஷூ மாட்ட முடியும்."
"அப்புறம்?"
"கேட் வரைக்கும் போக முடியும்."
மருந்துச் சீட்டில்
மாத்திரைகளுக்குக் கீழே எழுதினார்:
கேட். காலை ஒன்று.

ஆத்தூர் ரோட்டு சேகோ மில்லில்
எடைமேடைக்காரி நான்.
கிழங்கோடு வரும் லாரியை எடை போட்டு
வெறும் லாரியாகத் திரும்புகையில் கழித்து
மிச்சத்தை எழுதுபவள்.
எழுதாத ஒன்று நடந்ததாக
எனக்கு எப்படி நம்பிக்கை வரும்?
சேலை மடிப்பில் ஒட்டி வீட்டுக்கு வந்திருந்த
ஒற்றை ஜவ்வரிசியை
காலி ஊறுகாய்ப் புட்டியில் போட்டேன்.
டிக்.
அன்றைய நடை பதினோரு அடி.

"எங்கக்கா கெளம்பிட்டீங்க?" என்றார்
பால் ஊற்றும் தசரதன்.
"வந்துட்டேன்" என்றேன்.
சிரித்துவிட்டுப் போனார்.
மறுநாளும் கேட்டார்.
மறுநாளும் வந்துவிட்டிருந்தேன்.

மனஉறுதி என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.
குப்பை வண்டிக்காக யாரோ திறந்துபோட்ட கேட்,
ஷூ போட்ட கால்,
இரண்டுக்கும் இடையில் நான் குறுக்கே நிற்கவில்லை,
அவ்வளவுதான்.
டிரான்ஸ்ஃபார்மர் வரை.
பிறகு இஸ்திரி வண்டி வரை.
பங்குனி வெயில் ஏறுமுன்
பொன்னம்மாப்பேட்டை ரயில்வே கேட் வரை.
அங்கே கூட்ஸ் வண்டி நிறுத்திவைக்கும்,
ஐம்பத்தெட்டுப் பெட்டிகள், எண்ணியிருக்கிறேன்.
பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே
துண்டு துண்டாகச் சேர்வராயன் மலை தெரியும்.

சித்திரையில் காய்ச்சல்.
பதினொரு நாள் புட்டிக்குள் சத்தமில்லை.
வழக்கமாக அந்த இடத்தில்தான்
எல்லாம் முடிந்துபோகும் எனக்கு.
பன்னிரண்டாம் நாள் சுவரைப் பிடித்துப் பிடித்து
கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன்.
கழித்தே பழகிய கை
அன்றைக்கு ஒன்றையும் கழிக்கவில்லை.
டிக்.

ஆடிப் பதினெட்டுக்கு ராசிபுரத்திலிருந்து
நாத்தனார் கனகாம்புஜம் வந்தாள்.
நான் மில்லிலிருந்து திரும்பியபோது
வீடெல்லாம் ஏலக்காய் மணம்.
"பாக்கெட் பத்தல அண்ணி.
ஜன்னல்ல புட்டியில கொஞ்சூண்டு கெடந்துச்சு,
கழுவி அதையும் போட்டுட்டேன்."

இருநூற்றுப் பதினேழு.

கரண்டியால் கிளறிப் பார்த்தேன்.
எல்லாம் வெந்து கண்ணாடியாகியிருந்தன.
பதினோரு அடி நடந்த நாள் எது,
சுவரைப் பிடித்த நாள் எது,
கடையில் வாங்கிய ஜவ்வரிசி எது?
அழுகை வரும் போலிருந்தது,
ஜவ்வரிசிக்கு அழுவதா என்று சிரிப்பும் வந்தது.
டாக்டரிடம் சொல்லவேண்டாம்:
அரை டம்ளர் குடித்தேன்.
என் நாட்கள் வழுக்கிக்கொண்டு இறங்கின,
கொஞ்சம் தித்திப்பு தூக்கல்.

காலையில்
கழுவிக் கவிழ்த்த புட்டி மேடையில் காய்ந்துகொண்டிருந்தது.
எனக்கு விழிப்பு முழுதாக வருமுன்பே
கால் ஷூவைத் தேடிக்கொண்டிருந்தது.
கேட்டில் கை வைத்தபோதுதான்
இன்றைக்குப் போட எதுவுமில்லை என்பது உறைத்தது.
"எங்கக்கா?" என்றார் தசரதன்.
"தெரியல" என்று நடந்தேன்.

ரயில்வே கேட் மூடியிருந்தது.
கூட்ஸ் வண்டி போனது,
மலை விட்டு விட்டு வந்தது.
பெட்டிகளை நான் எண்ணவேயில்லை என்பது
கடைசிப் பெட்டியும் கடந்து
தடுப்பு மேலே எழும்போதுதான் தெரிந்தது.